ஜோ கேட்ட கால் மணி நேரம்

சாயங்காலம் ஆறரை மணி. தொப்பூர்க் கணவாய். வெளிச்சம் போய்விட்டது, இருட்டு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை... அந்த நேரம். கீழே ஏதோ விபத்து என்று போலீஸ் ரோட்டை மறித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் மேட்டில் ஏறிய கடைசி வண்டி அமல்தாஸின் பிக்கப். அதன் பின்னால் ரோடு காலி. எப்போதும் லாரி உறுமுகிற அந்த ரோட்டில் அன்றைக்குச் சில்வண்டுச் சத்தம் கேட்டது. பிரேக் கருகிய வாசனை மட்டும் போகாமல் நின்றது.

போனையெல்லாம் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். வெளிச்சம் வேண்டாம். காலையில் தாலி கட்டுகிற வீட்டில் இதைச் சொல்லலாமா என்று யாராவது நினைத்தால் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். யாரும் எழுந்திருக்கக் காணோம். சரி.

நம் பாரதியோடு ஓசூர் கம்பெனியில் ஒரே ஷிப்டில் கலைவாணன் என்று ஒரு பையன் வேலை செய்கிறான் இல்லையா, அவனுடைய அக்கா சில்வியா. சில்வியாவின் வீட்டுக்காரர்தான் இந்த அமல்தாஸ். மாரண்டஹள்ளிப் பக்கம் ஊர். சொந்த பிக்கப் வண்டி. தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம் போவார், காலிக் கூடைகளோடு திரும்புவார். ஒரே பையன், ஜோ. எட்டாம் வகுப்பு.

கிறிஸ்துமஸுக்கு மாமன் கலைவாணன் ஜோவுக்கு ஒரு கேம் கன்சோல் வாங்கிக் கொடுத்தான். டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டிதான். ஆனால் அதில் விளையாட்டு மட்டுமா இருக்கிறது? படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். எங்கோ இருக்கிற பையனோடு பேசிக்கொண்டே விளையாடலாம், கையில் பிடிக்கிற கன்ட்ரோலரிலேயே மைக் இருக்கிறது. யார் உள்ளே வந்திருக்கிறார் என்று பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி காட்டும். பையன் படிப்பைக் கோட்டை விட்டுவிடுவான் என்று சில்வியா பயந்தாள். அதற்கும் கலைவாணன் வழி வைத்திருந்தான். அமல்தாஸின் போனில் ஒரு ஆப் போட்டான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அது முடிந்ததும் திரை தானாக நின்றுவிடும். இன்னும் வேண்டுமானால் ஜோ கன்ட்ரோலரை அழுத்தி அப்பாவைக் கேட்க வேண்டும். அப்பா எந்த ரோட்டில் இருந்தாலும் போன் இரண்டு தடவை உறுமும்.

'ஜோ கூடுதல் நேரம் கேட்கிறார்.'

கீழே வரிசையாக, கால் மணி, அரை மணி, ஒரு மணி, வரம்பு இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில், மறு.

அமல்தாஸ் அதிகம் பேசாதவர். பெற்ற மகனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் "சாப்டியா" என்று கேட்டுவிட்டு முற்றத்தைப் பார்க்கிற ரகம். அவருக்கு அந்த ஆப் வரப்பிரசாதமாக வந்து வாய்த்தது. சாயங்காலம் ஆனால் போன் உறுமுகிறதா என்று காத்திருப்பார். கேட்டதும் கால் மணி கொடுப்பார். ஒருநாளும் அதற்கு மேல் கொடுத்ததில்லை. பையன் விடுவானா, இன்னொரு தடவை கேட்பான். அப்போது 'மறு'வை அழுத்திவிட்டு உடனே போன் போடுவார்.

"போதும்டா, போய் படு."

"சரிப்பா."

இவ்வளவுதான் அப்பனும் மகனும் பேசுவது. அந்த 'சரிப்பா'வைக் காதில் வைத்துக்கொண்டே வீடு வரைக்கும் வண்டி ஓட்டுவார்.

அன்றைக்கு ஜோவுக்கு நான்கைந்து நாள் காய்ச்சல். விடியற்காலை இவர் கிளம்பும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், சூடு விட்டிருந்தது. அதனால்தான் சேலம் போனார். திரும்பும்போது தொப்பூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தி வீட்டுக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். சிக்னலே இல்லை என்றது. போனை டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தார்.

போன் இரண்டு தடவை உறுமியது.

'ஜோ கூடுதல் நேரம் கேட்கிறார்.'

அமல்தாஸுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான், விளையாடுகிறான், இனிமேல் என்ன. போன் போகாத இடத்தில் இது மட்டும் எப்படி வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் யாருக்கு அது தோன்றும்? வழக்கம்போலக் கால் மணியை அழுத்தினார். கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னார். வேகவைத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், ஜோவுக்குப் பிடிக்கும். அவசரமே இல்லாமல் டீயைக் குடித்து, முகம் கழுவி, வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

மறுபடி இரண்டு தடவை உறுமியது. அதே வரி.

சிரித்துக்கொண்டார். காய்ச்சல்காரன், கண்ணுக்கு ஆகாது என்று நினைத்தார். 'மறு'வை அழுத்தினார். போன் பேச முடியாது என்று தெரிந்தும் வாய்விட்டே சொன்னார்.

"போதும்டா, போய் படு."

வண்டியை எடுத்தார். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. தர்மபுரி நெருங்கும்போது சிக்னல் வந்தது... வந்ததும் போன் விடாமல் அடித்தது. சில்வியா, சில்வியா, கலைவாணன், சில்வியா. கடைசியாகக் கலைவாணன்தான் கிடைத்தான்.

"மாமா, எங்க இருக்கிங்க? வூட்டுக்குப் போவாதிங்க. தர்மபுரி ஆஸ்பத்திரிக்கி வந்துருங்க."

அமல்தாஸ் போய்ச் சேர்ந்தபோது துணி போர்த்தியிருந்தார்கள். சில்வியா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். இவர் மடியில் வேர்க்கடலை இன்னும் சூடாக இருந்தது, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"நீங்க போன உடனே காய்ச்சல் ஏறிருச்சுங்க. காலைலயே இங்க கொண்டாந்துட்டன். வண்டி ஓட்டறப்ப பயந்துருவிங்கன்னு மொதல்ல சொல்லல. சாயங்காலத்துல இருந்து உங்களுக்குப் போட்டுப் போட்டுப் பாத்தன், கெடைக்கல" என்றாள் சில்வியா. "ஆறரைக்கு முடிஞ்சுருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. எல்லாரும் ஓன்னு அழுவறம்... படக்குன்னு கண்ணத் தொறந்தான். தண்ணி வாங்கிக் குடிச்சான். எழுந்து உக்காந்து பேசனான். டாக்டரே மெரண்டுட்டாரு. ஒரு கால் மணி நேரம் நல்லா இருந்தான். மாதா குடுத்த கால் மணி நேரம்."

அவளே மேலும் சொன்னாள்.

"அப்பா எங்கன்னான். வண்டி வந்துட்டு இருக்குதுடான்னன். திரும்பக் கண்ணு சொருவுச்சு. அப்பறம் சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னான்ங்க... அப்பாகிட்ட இன்னொரு தடவ கேட்டிருக்கறன், குடுத்துருவாருன்னான். எதக் கேட்டான், உங்களுக்குத் தெரியுதா?"

தெரியாது என்று அமல்தாஸ் தலையை ஆட்டினார். தொப்பூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேர ஓட்டம். அரை மணியை அழுத்தியிருந்தால் மகன் முகத்தைப் பார்த்திருப்பார். ஒரு மணியை அழுத்தியிருந்தால் பேசியிருப்பார். வரம்பு இல்லை என்பதை அழுத்தியிருந்தால்... அதை நினைக்கவே அந்த மனிதனுக்குத் தைரியம் வரவில்லை.

துணி எடுத்து வர அவர்தான் வீட்டுக்குப் போனார். காலையில் சில்வியா போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. திறந்தார். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் ஆஸ்பத்திரி வாசனை... டெட்டாலும் மருந்தும் கலந்த அந்த வாசனை. டிவி எரிந்துகொண்டிருந்தது. 'ஜோ, இன்றைய நேரம் முடிந்தது' என்று திரையில் எழுதியிருந்தது. எதிரே பாயில் கன்ட்ரோலர் கிடந்தது. குனிந்து எடுத்தார். நெடுநேரம் ஒரு கை இறுக்கிப் பிடித்து இப்போதுதான் விட்ட மாதிரி அது கதகதவென்று இருந்தது.

மறுநாள் அடக்கம். அந்தப் பக்கம் கிறிஸ்தவர் வீடுகளில், போகிறவர் ஆசையாக வைத்திருந்த பொருள் ஏதாவது ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவது உண்டு. சுருட்டுக் குடித்தவருக்குச் சுருட்டு வைத்தவர்களும் இருக்கிறார்கள். ஜோவின் கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. மூடி போடும் நேரத்தில் அமல்தாஸ் அந்தக் கன்ட்ரோலரைக் கொண்டுவந்து மகனின் விரல்களுக்குள் வைத்தார். அவருடைய அக்கா வேளாங்கண்ணிக்கு அது பொறுக்கவில்லை.

"எதுக்குடா தம்பி அது? நல்லாவா இருக்குது?"

"இருக்கட்டும் அக்கா. அவன் கேக்கணும்னா அது ஒண்ணுதான் இருக்குது."

துக்கத்தில் உளறுகிறான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவர் உளறவில்லை. ஒரு தடவை கொடுத்தது போய்ச் சேர்ந்ததே, மறுபடி கேட்டால் இந்தத் தடவை கஞ்சத்தனம் பண்ணுவதில்லை என்று முடிவோடு இருந்தார். அன்றிலிருந்து போனைக் கவிழ்த்து வைப்பதே இல்லை. சார்ஜ் இறங்க விடுவதில்லை. பூசைக்குப் போனாலும் சட்டைப் பையில், குளிக்கப் போனாலும் சன்னல் கட்டையில்.

ஒன்றும் வரவில்லை. வாரக்கணக்கில் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய சாயங்காலம். மாதா கோயிலில் சாயங்கால ஜெபத்துக்கான திரிகால மணி அடித்தது. கடைசி மணியின் ரீங்காரம் அடங்கவில்லை... போன் இரண்டு தடவை உறுமியது.

'ஜோ கூடுதல் நேரம் கேட்கிறார்.'

அமல்தாஸ் யோசிக்கவே இல்லை. வரம்பு இல்லை என்பதை அழுத்தினார்.

உள் அறையில் டிங் என்று ஒரு சத்தம். கன்சோல் தானாக விழித்துக்கொள்கிற சத்தம். டிவி எரிந்தது. திரையில் ஜோவின் பெயர், பக்கத்தில் பச்சைப் புள்ளி. அவன் எப்போதும் ஆடுகிற ஆட்டம் திறந்தது. அதில் ஜோவின் வீரன் ஒரு மைதானத்தின் நடுவில் நின்றான். ஓடவில்லை. தலையை மட்டும் இடது பக்கம் திருப்பினான்... வலது பக்கம் திருப்பினான்... மேலே பார்த்தான். மறுபடி இடது பக்கம்.

சமையலறையிலிருந்து சில்வியா ஈரக் கையோடு வந்தாள். "யாருங்க போட்டது?"

டிவியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மைக்குக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற சத்தம். பிறகு பலகையில் நகம் உரசுகிற மாதிரி... சர்ர்... சர்ர்... பிறகு மெதுவாக,

"அப்பா."

சில்வியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா... கண்ணு தொறந்துதான் இருக்கறன். ஒண்ணுமே தெரியல. திரும்ப எடமே இல்லப்பா."

அப்போதுதான் அமல்தாஸுக்குத் தான் செய்தது உறைத்தது. நேரத்தைக் கொடுத்துவிட்டார். மண்ணுக்கடியில், ஆணி அடித்த பெட்டிக்குள், ஒரு பிள்ளைக்கு முடிவே இல்லாத நேரத்தைக் கொடுத்துவிட்டார். அதை வாங்கி வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

போனைக் கையில் எடுத்தார். 'நேரத்தை முடி' என்று ஒரு பொத்தான் அதில் இருந்தது. சில்வியா பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"என்னாங்க பண்றிங்க? பேசறான்ங்க. நம்ம புள்ள பேசறான்."

"அவன் எங்க இருந்து பேசறான்னு யோசிச்சுப் பாரு சில்வியா."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். தொப்பூர் டீக்கடை, கால் மணி, இரண்டாவது தடவை வந்தது, தான் மறுத்தது. மாதா கொடுத்தது என்று அவள் ஊரெல்லாம் சொல்லி ஆறுதல் பட்டுக்கொண்டிருந்ததை வாங்கிக் கொடுத்தது தன் விரல், நிறுத்தியதும் தன் விரல் என்று சொன்னார். சில்வியா அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பிடித்த கையை மட்டும் விட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலாம் என்று அவருக்கு இருந்தது.

டிவியில் மூச்சுச் சத்தம் வேகமாகிக்கொண்டு வந்தது. சர்ர்... சர்ர்...

அமல்தாஸ் டிவிக்கு முன்னால் மண்டியிட்டார். ஆயுசில் மகனிடம் சொல்லாததையெல்லாம் சொல்ல நினைத்தார். வாய் திறந்தால் பழகின வார்த்தைதான் வந்தது.

"போதும்டா கண்ணு... போய் படு."

உரசல் நின்றது. பிறகு,

"சரிப்பா."

அழுத்தினார். டிவி அணைந்தது. மண் வாசனை மட்டும் விடியும் வரை அந்த அறையில் இருந்தது. சில்வியா சன்னலைத் திறக்க விடவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் சில்வியாவிடம் அவர் சொன்னார். முடியவில்லை. மறுநாள் சாயங்காலமும் திரிகால மணிக்குப் போன் உறுமியது. அதற்கு மறுநாளும். எந்த ரோட்டில் இருந்தாலும் அமல்தாஸ் வண்டியை ஓரங்கட்டுவார். தினமும் செத்த பிள்ளை ஒரு கால் மணி நேரம் கேட்கும். தினமும் பெற்ற தகப்பன் இல்லை என்று சொல்ல வேண்டும். மறு என்று அழுத்துவார். வாய்விட்டு அதே வார்த்தையைச் சொல்வார். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வண்டியை எடுப்பார். அந்தப் போனைத் தூக்கி எறிந்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். உலகத்தில் தன்னை 'அப்பா' என்று நினைத்துக் கேட்கிற ஒரே குரல் அதில்தான் வருகிறது, எப்படி எறிவார்?

இப்படியே மழைக்காலம் வந்தது. கல்லறைத் திருநாளுக்குச் சில்வியா மெழுகுவர்த்தி ஏற்றினாள், சாமந்தி போட்டாள், மண்ணைக் கையால் தட்டிச் சமன் செய்தாள். அங்கே நின்றபடியே தம்பி கலைவாணனைத் தனியாகக் கூப்பிட்டு, தன் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறாள். பழைய விளையாட்டெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க ஆசையாக இருக்கிறது என்றாளாம். அவனுக்கு ஒன்றும் தெரியாது. போட்டுக் கொடுத்தான். பாரதியிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அவன் தலையில் அடித்துக்கொள்கிறான்.

அதற்கு மறுநாள். அமல்தாஸ் சேலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். மணி அடிக்கிற நேரத்துக்கு வழக்கம்போல ஓரங்கட்டினார். அதே தொப்பூர், அதே டீக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி. போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். உறுமவில்லை. சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தார். அன்றைக்கு என்னவோ இருந்தது. நன்றாக இருட்டும் வரை காத்திருந்தார். பிள்ளை ஒருவழியாகத் தூங்கிவிட்டான் என்று நிம்மதியும், இனிமேல் கேட்கவே மாட்டான் என்று துக்கமும் சேர்ந்தே வந்தது. கடைக்குத் திரும்பிப் போய் வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கினார். எதற்கு வாங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாசல் விளக்கு எரியவில்லை. டிவியும் அணைந்திருந்தது. உள் அறையில் மட்டும் சின்ன விளக்கு எரிந்தது, பாயில் சில்வியா உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கலைந்து, சேலை முழங்கால் வரை சேறு. மடியில் அவளுடைய போன். பக்கத்தில் வெறும் அட்டைப்பெட்டி, ஜோவின் கன்ட்ரோலருக்கு சார்ஜ் வயர் வைத்திருந்த பெட்டி.

"சில்வியா."

"இன்னைக்கி என்னையத்தாங்க கேட்டான்." மாதக்கணக்கில் அவள் முகத்தில் இல்லாத சிரிப்பு இருந்தது. "நான் குடுத்துட்டன்."

"எவ்வளவு குடுத்த?"

அவள் கையை விளக்கு வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நகக்கண்ணிலும் செம்மண்.

"பேட்டரி கொறையுதுன்னு காட்டிச்சுங்க. தீந்துபோனா அப்பறம் எப்டிக் கேப்பான், சொல்லுங்க. வயர எடுத்துக்கிட்டுப் போனன்."

"எங்க போன சில்வியா? யார்ட்ட குடுத்த?"

"கை நீட்டி வாங்கிக்கிட்டான்ங்க" என்றாள். "கை கதகதன்னு இருந்துச்சு."